அக்கிராசனரும் அவையும்

ஒரு சபைக்கு அக்கிராசனம் வகிப்பது மாலையும் மரியாதையும் பெறுதற்குரிய பதவி என்றே நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு விரதமாகும். அக்கிராசனத்தில் அமர்ந்தவர் தம் கட்சியையும் விருப்பத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, தம்மோடு மாறுபட்டோரும் அச்சமின்றிப் பேச இடமளித்தல் வேண்டும். இவ்விரதத்தின் அருமையை நம் சென்னைச் சட்டசபையின் வரலாற்றினின்றும் அறியலாம்.

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபை 1921 ஜனவரியில் தொடக்கமுற்றது. அதன் முதல் தலைவராக ஸர் பி. ராஜகோபாலாச்சாரியாரை அரசாங்கமே நியமித்தது. பின்னர் உறுப்பினரே தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். இரு பக்கத்து வாக்குகளும் சமமாக நின்றாலன்றித் தலைவர் வாக்களித்தலாகாது என்பது அக்காலத்து விதி. இன்றைய அரசியல் சாசனத்தின் 189-ஆம் பிரிவும் இதனையே வற்புறுத்துகின்றது.

அவ்வொரு வாக்கின் பெருமைக்கு ஒரு சான்று கூறுவோம். 1928 செப்டம்பரில் இந்திய மத்திய சட்டசபையில் பொதுப் பாதுகாப்பு மசோதாவின்மீது 61-க்கு 61 என வாக்குகள் சமமாயின. தலைவர் வித்தல்பாய் படேல் மசோதாவுக்கு எதிராகத் தம் வாக்கை அளித்தார். புதுச் சட்டம் வேண்டுவோர் அவையில் பெரும்பான்மையைத் தாமே ஈட்டிக்கொள்ளல் வேண்டும், தலைவரின் வாக்கால் அதனை நிறைவேற்றிக்கொள்ளலாகாது என்பதே அதன் கருத்து.

நிற்க. நம் அடையாற்று அன்பர்கள் நன்கறிந்த பெருமாட்டி ஒருவரும் அக்கிராசனத்திற்கு உரியவராய் விளங்கினார். 1917-ல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தாரின் முயற்சியால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, 1927-ல் அதன் உபதலைவராக ஏகமனதாய்த் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பொழுது தலைவராயிருந்தவர் சி. வி. எஸ். நரசிம்மராஜு. தலைவர் இல்லாத வேளைகளில் அவையை நடத்துதல் உபதலைவரின் கடமை.

அம்மையாரின் உள்ளத்திலோ ஒரு கனல் இருந்தது. பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழித்தல் வேண்டும் என்பதே அது. அவர்தம் அன்னையார் தேவதாசி மரபிற் பிறந்தவராதலின் அத்துயரை அவர் தம் குடும்பத் துயராகவே அறிவார். ஆயினும் அக்கிராசனம் வழக்காடும் இடமன்று. ஆகவே 1927 நவம்பரில், ஏனையோரைப் போலத் தாமும் ஓர் உறுப்பினராய் நின்று பிரேரணை கொணர்ந்தார். தேவதாசியருட் பலர் எதிர்விண்ணப்பம் விடுத்தனர். அவர்க்கும் தம் கருத்தைக் கூற உரிமை இருந்தது. பிரேரணை நிறைவேறியது. 1929-ல் அறநிலையச் சட்டம் திருத்தப்பெற்று, மானிய நிலமுடைய தேவதாசியர் கோயில் ஊழியக் கட்டினின்றும் விடுபட வழி பிறந்தது. பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவை அம்மையார் 1930-ல் கொணர்ந்தார். அவ்வாண்டே காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தமையால், அது நிறைவேறக் காணும் பேறு அவருக்கு அச்சபையில் கிட்டவில்லை.

அவ்வழக்கத்தை ஒழித்தது 1947-ஆம் ஆண்டுச் சட்டம். அப்பொழுது சபாநாயகராயிருந்தவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. தாழ்த்தப்பட்ட குலத்தினின்றும் எழுந்து, முன்னரே சென்னை மேயராகவும் விளங்கியவர் அவர். எக்குலத்தாரும் எழுந்து நின்று அவருடைய அனுமதி பெற்றன்றிப் பேசவொண்ணாத நிலையை அக்கிராசனம் உண்டாக்கிற்று. குலத்தினும் விதி பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் சங்கக் கூட்டங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். அக்கிராசனர் தம் உறவினர்க்கு நேரத்தை நீட்டி, எதிர்ப்பவரின் பேச்சை மணியடித்து நிறுத்தித் தீர்மானம் நிறைவேற்றுதல் எளிது. ஆனால் அங்ஙனம் வென்ற தீர்மானம் கூட்டம் கலையும் முன்னரே மதிப்பிழக்கும். அவையின் சம்மதத்தால் வென்றதோ, இருபது ஆண்டுகள் காத்திருந்து கிட்டினும் நிலைபெறும். நம் ஆண்டுக்கூட்டத்தில் அக்கிராசனம் ஏற்போரும், அவரைத் தேர்ந்தெடுப்போரும் இதனை மனத்திற்கொள்வாராக.