கிளிநொச்சியில் கூடிய பெண்கள்

சமாதான முயற்சிகளில் பெண்களுக்கும் பங்கு வேண்டும் என்று 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை இலங்கை சீக்கிரமே சோதித்துப் பார்த்தது.

உள்நாட்டுப் போரை முடிக்க அரசும் விடுதலைப் புலிகளும் நடத்திய பேச்சுவார்த்தையின் கீழ் அமைந்த பெண்களுக்கான உபகுழு, 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் முதன்முதலாகக் கூடியது. அரசு தரப்பில் ஐவர், புலிகள் தரப்பில் ஐவர். வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்தனவும் புலிகளின் மகளிர் அரசியல் பொறுப்பாளர் தமிழினியும் இரு தரப்புக்கும் தலைமை தாங்கினர். மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பங்கேற்பு எல்லாம் பேசப்பட்டன.

போர் எல்லாப் பெண்களையும் ஒரேபோல் தாக்கவில்லை. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடிய வன்னித் தமிழ்ப்பெண், 1990-ல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண், எல்லைக் கிராமத்துச் சிங்களப்பெண்: இனமும் மதமும் ஏழ்மையும் சேர்ந்தே அவரவர் துயரத்தைத் தீர்மானித்தன.

2003 ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலக, குழுவும் முடங்கியது. போருக்குப்பின் 2010-ல் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் எட்டு உறுப்பினர்களில் பெண் ஒருவரே.