விற்க முடியாத கோதுமைக்கு முன்பணம்

கனடாவின் மேற்கே, மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா என்னும் மூன்று மாகாணங்களில் விரிந்து கிடக்கும் பிரெய்ரி எனப்படும் சமவெளியின் உழவர்கள், 1950களின் நடுப்பகுதியில், குதிர் நிறையக் கோதுமையும் கையில் காசில்லாத நிலையுமாக ஒரு விசித்திரமான வறுமைக்கு ஆளாயினர். அந்த நிலைக்கு மருந்தாக 1957ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய பிரெய்ரி தானிய முன்பணச் சட்டம், பண்ணையில் விற்காமல் கிடக்கும் தானியத்தின் பேரில் உழவருக்கு வட்டியின்றிப் பணம் தர வழிசெய்தது. வேளாண் கடனின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே இச்சட்டம் பெரும்பாலும் வைத்துப் பேசப்பட்டாலும், அது பிறந்த சூழலைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, உழவருக்கு வந்து சேர வேண்டிய விலையின் ஒரு பகுதி தாமதமின்றிக் கொடுக்கப்பட்டது என்பதே அதன் உண்மையான பொருள் என்பது விளங்கும்.

1935இல் தோற்றுவிக்கப்பட்ட கனடிய கோதுமை வாரியம், 1943 முதல் மேற்குக் கனடாவின் கோதுமையை வெளிச் சந்தைக்கு வாங்கி விற்கும் ஒரே அமைப்பாகச் சட்டத்தால் ஆக்கப்பட்டிருந்தது. உழவர் தம் தானியத்தை ரயில் நிலையத்தை ஒட்டி நின்ற எலிவேட்டரில், அதாவது தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்துப் பின் ரயில் பெட்டிகளில் கொட்டும் உயரமான மரக் களஞ்சியத்தில், ஒப்படைத்ததும் தொடக்கத் தொகை ஒன்றைப் பெறுவார். அவ்வாண்டின் கோதுமை முழுவதும் விற்றுக் கணக்கு முடிந்த பின்னரே, எஞ்சிய தொகை அனைவருக்கும் சமமான வீதத்தில் பகிர்ந்தளிக்கப்படும். முதல்தரக் கோதுமைக்கு ஒரு புஷலுக்கு, அதாவது ஏறத்தாழ 27 கிலோவுக்கு, 1.40 டாலர் என்பது அப்போதைய தொடக்கத் தொகை. அதுவும் பேரேரிக் கரையிலிருந்த துறைமுகக் கணக்கில் சொல்லப்பட்டதாதலால், ரயில் கூலியும் கையாளும் கூலியும் கழிந்த பின்பே உழவரின் கைக்கு வந்தது. களஞ்சியங்களில் இடம் குறைவாயிருந்த காலங்களில், பெரிய பண்ணையார் முந்திக்கொண்டு நிரப்பிவிடாதபடி, இன்னார் இவ்வளவுதான் ஒப்படைக்கலாம் என்ற ஒதுக்கீட்டு முறையும் இருந்தது. ஒவ்வொருவரின் கணக்கும் அவரவர் அனுமதிப் புத்தகத்தில் பதியப்பட்டது.

நியாயமான இந்த ஏற்பாடு, கோதுமை விற்கும் வரையில்தான் உழவருக்குச் சோறு போட்டது. 1952இல் தொடங்கிப் பெரும்பாலான ஆண்டுகளில் வந்த பெருவிளைச்சலும், 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்கீழ் அந்நாடு தன் உபரித் தானியத்தை எளிய நிபந்தனைகளில் பிற நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியதும் சேர்ந்து, 1957 கோடையில் கனடாவின் விற்காத கோதுமை இருப்பை 70 கோடி புஷலுக்கு மேல் கொண்டுசென்றன. எலிவேட்டர்கள் நிரம்பி வழிய, ஒதுக்கீடு சுருங்க, அறுவடை பண்ணையிலேயே தங்கிற்று. மளிகைக்கும் டிராக்டர் எண்ணெய்க்கும் பணம் வேண்டிய சிலர், வாரியத்துக்குத் தெரியாமல் உள்ளூர்த் தீவன ஆலைகளுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றனர். வேறொருவருக்கு விற்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருந்த நிலையில், வாங்க வேண்டிய ஒரே அமைப்பும் வாங்க இயலாமல் நின்றது என்பதை மனத்தில் கொண்டால்தான், அவ்வுழவர்களின் கோரிக்கையில் இருந்த நியாயம் புலப்படும்.

அப்போது ஆண்ட லிபரல் கட்சி அரசு 1956இல் தந்த விடை, அரசின் உத்தரவாதத்தோடு வங்கிகள் 5 விழுக்காடு வட்டிக்கு 1,500 டாலர் வரை தரும் கடன். தம்முடைய தானியத்துக்கான பணத்தைத் தாமே வட்டி கொடுத்துப் பெறுவதா என்ற கேள்வி சமவெளியெங்கும் எழுந்தது. தமிழக வாசகர் அறிந்த தக்காவிக் கடனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்: 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆங்கில அரசு விதைக்கும் மாட்டுக்கும் கொடுத்த தக்காவி, வட்டியோடு திரும்ப வேண்டிய கடனாகவும், தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கத் தக்கதாகவும் இருந்தது, பிரெய்ரி உழவரோ கடன் கேட்கவில்லை, விளைந்து முடிந்த பொருளின் விலையைக் கேட்டார். அக்கோரிக்கைக்கு மசியாத வர்த்தக அமைச்சர் சி. டி. ஹோவ், 1957 ஜூன் தேர்தலில், பிரெய்ரிக் கோதுமை கப்பலேறும் துறைமுகமான போர்ட் ஆர்தரிலேயே தோற்றார். சஸ்காட்செவனில் வளர்ந்தவரான ஜான் டீஃபன்பேக்கர் பிரதமரானார்.

அவரது அரசு கொண்டுவந்த சட்டம் எளிய பொறியமைப்பை உடையது. உழவர் தம் எலிவேட்டர் முகவரிடம் சென்று, குதிரில் உள்ள தானியத்தின் அளவை உறுதிமொழியாக எழுதிக் கொடுத்தால், கோதுமைக்குப் புஷலுக்கு 50 சென்ட், பார்லிக்கு 35, ஓட்ஸுக்கு 20 என்ற வீதத்தில், 3,000 டாலர் உச்ச வரம்புக்குள் முன்பணம் பெறலாம். பின்னர் ஒதுக்கீடு திறந்து அவர் தானியம் ஒப்படைக்கும்போதெல்லாம் தொடக்கத் தொகையில் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்படும். வாரியம் இதற்காக வங்கியில் வாங்கிய பணத்தின் வட்டியை அரசு ஏற்கும். நிலத்தை ஈடு வைக்கவோ, வங்கி அதிகாரியின் முன் நின்று தம் நிலைமையை விளக்கவோ தேவையில்லாமற்போனது, அரும்பாடுபட்டு விளைவித்தவரின் மானத்தைக் காத்த ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். வாரியத்துக்கும் இதனால் பயன் இருந்தது: கள்ள விற்பனைக்கான தூண்டுதல் குறைந்து, ஒதுக்கீட்டு முறை பிழைத்தது.

1958 தேர்தலில் அம்மூன்று மாகாணங்களின் 48 தொகுதிகளில் 47ஐ டீஃபன்பேக்கரின் கட்சி வென்றதற்கு முன்பணம் மட்டுமே காரணம் அன்று. எனினும் அது ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்பணம் குதிர்களைக் காலி செய்யவில்லை. 1960களின் தொடக்கத்தில் சீனா பெருமளவில் கோதுமை வாங்க முன்வந்த பின்பே தேக்கம் உடைந்தது.

அறுபதுகளின் இறுதியில் தேக்கம் மீண்டும் வந்தபோது உச்ச வரம்பு 6,000 டாலராக உயர்த்தப்பட்டது. 1977இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், வாரியத்தின் எல்லைக்கு வெளியே இருந்த, சேமித்து வைக்கத் தக்க பிற பயிர்களுக்கும், உழவர் சங்கங்களின் வழியாக இவ்வசதியை நாடு முழுதும் விரித்தது. இங்கேதான் கருத்து மெல்ல மாறிற்று. ஒரே வாங்குநரின் கடமையாகத் தொடங்கியது, எந்த உழவருக்கும் அரசு அளிக்கும் உதவியாக உருமாறியதால், செலவைக் குறைக்க முனைந்த பிரதமர் மல்ரோனியின் அரசு 1989இல் வட்டி விலக்கில் கைவைக்க முடிந்தது. எதிர்ப்புக்குப் பின் சில ஆண்டுகளில் விலக்கு வரம்போடு திரும்பியது. 1997இல் இரு சட்டங்களும் ஒன்றாக்கப்பட்டபோது, 2,50,000 டாலர் வரையிலான முன்பணத்தில் முதல் 50,000 டாலருக்கு மட்டும் வட்டியில்லை என வகுக்கப்பட்டது.

கோதுமை வாரியத்தின் தனியுரிமை 2012இல் முடிவுக்கு வந்தது. அதன் குறையை ஈடுகட்டப் பிறந்த முன்பணமோ நிலைத்தது. 2019இல் சீனா கனடாவின் கனோலா எனும் எண்ணெய்வித்தின் இறக்குமதிக்குத் தடைகள் விதித்தபோது, உச்ச வரம்பு 10 லட்சம் டாலராகவும், கனோலாவுக்கு மட்டும் வட்டியில்லாப் பகுதி 5 லட்சம் டாலராகவும் உயர்த்தப்பட்டன. அறுபதாண்டுகளுக்கு முன் பிரெய்ரியின் குதிர்களைக் காலி செய்த அதே நாட்டின் வாயில் இப்போது அடைபட்டதால், உழவர்கள் மீண்டும் விற்காத விளைச்சலின் பேரில் முன்பணத்துக்கு எழுதிக் கொடுத்தனர்.