புருவம் திருத்த 750 மணி நேரம்

நம்ம ஊர் பியூட்டி பார்லரில் த்ரெடிங் என்றால் ஒரு நூல்கண்டு, ஒரு நாற்காலி, பத்து நிமிடம். கைப்பழக்கம்தான் முதலீடு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலோ இதே வேலையைச் செய்ய 750 மணி நேரப் பயிற்சி, தேர்வு, மாநில அரசின் லைசென்ஸ் எல்லாம் வேண்டும் என்று 2015 வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தினம் எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் 94 நாள் ஆகிறது. ஒரு செமஸ்டர் அப்படியே போய்விடும்!

சட்டம் போட்டவர்களின் முட்டாள்தனம் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்த 750 மணி நேரத்துக்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. நல்ல காரணங்களும் கெட்ட காரணங்களும் பிரிக்கமுடியாமல் பின்னிக் கிடக்கும் கதை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அமெரிக்காவில் தொழில் உரிமம் கொடுப்பது பெரும்பாலும் மாநிலங்களின் வேலை, மத்திய அரசின் வேலை இல்லை. அதனால் ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதமான விதிகள். ஓஹையோவில் லைசென்ஸ் வாங்கிய டாக்டர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கென்டக்கியில் போய் வைத்தியம் பார்க்கவேண்டும் என்றால் அந்த மாநிலத்தின் உரிமமும் வேண்டும். நோய் என்னவோ இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பல மாநிலங்களில் மருத்துவர்களுக்கு ஏதோ ஒரு வகை உரிமச் சட்டம் இருந்தது. 1830களிலும் 40களிலும் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தார்கள். படித்த டாக்டர்கள் தங்களுக்கு மட்டும் தனிச்சலுகை வாங்கிக்கொள்கிறார்கள் என்று சாதாரண ஜனங்களுக்குக் கோபம். மூலிகை வைத்தியர்களுக்கு அப்போது ஏக செல்வாக்கு. நியூயார்க் 1844ல் தன் சட்டத்தைக் கைவிட்டது. இதில் ஒரு நியாயமும் இருந்தது. அந்தக் காலத்து "படித்த" டாக்டர் உங்கள் ரத்தத்தைக் கிண்ணம் கிண்ணமாக இறக்குவார், பாதரசம் கலந்த மருந்து கொடுப்பார். மூலிகைக்காரரிடம் போனவர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு காற்று திரும்பியது. டெக்சாஸ் 1873லும் இல்லினாய் 1877லும் மருத்துவத் தொழிலுக்குச் சட்டம் கொண்டுவந்தன. 1881ல் மேற்கு வர்ஜீனியாவின் முறை. இந்த மூன்றாவது சட்டம்தான் உச்சநீதிமன்றம் வரை போனது.

அந்தச் சட்டத்தின்படி டாக்டராகத் தொழில் செய்ய மூன்று வழி. நல்ல பெயருள்ள மருத்துவக் கல்லூரியில் பட்டம், அல்லது அதே மாநிலத்தில் பத்து வருடம் தொடர்ந்து தொழில் செய்த அனுபவம், அல்லது தேர்வு. ஃபிராங்க் டென்ட் என்பவர் 1876லிருந்து தொழில் செய்துகொண்டிருந்தார். பத்து வருடக் கணக்கில் பாதிதான் தேறும். சின்சினாட்டியில் இருந்த ஒரு கல்லூரியின் பட்டம் கையில் இருந்தது. ஆனால் அது "எக்லெக்டிக்" என்று சொல்லப்பட்ட, மூலிகைகளை அதிகம் நம்பிய மருத்துவப் பிரிவின் கல்லூரி. மாநில சுகாதார வாரியம் அது நல்ல பெயருள்ள கல்லூரி இல்லை என்று சொல்லிவிட்டது. மனிதர் தொழிலை நிறுத்தவில்லை. வழக்கு, 50 டாலர் அபராதம். விடாமல் வாஷிங்டன் வரை போனார்.

1889 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் அத்தனை பேரும் டென்டுக்கு எதிராக. எழுதியவர் ஸ்டீஃபன் ஃபீல்ட். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: டாக்டரிடம் போகாத மனிதர் கிடையாது, ஆனால் அந்த டாக்டருக்கு விஷயம் தெரியுமா என்று சோதித்துப் பார்க்கும் அறிவு நோயாளியிடம் கிடையாது. ஆகவே அரசு ஒரு உத்தரவாதம் கொடுக்கலாம். நிபந்தனைகள் அந்தத் தொழிலுக்குச் சம்பந்தம் உள்ளவையாகவும், முயற்சி செய்தால் எட்டக்கூடியவையாகவும் இருந்தால் போதும்.

இந்த வாதத்தை இன்றைக்குப் படித்தாலும் மறுக்கமுடியவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் கல்லூரிக்கு "நல்ல பெயர்" என்று யார் சொல்வது? மேற்கு வர்ஜீனியாவில் அதைச் சொன்னவர்கள் எதிர்ப்பிரிவைச் சேர்ந்த டாக்டர்கள். கடைத்தெருவில் புதுக்கடை வரலாமா என்று பழைய கடைக்காரரையே கேட்பது மாதிரி.

(இதே தகராறு நம்ம பக்கமும் வந்தது. 1914ல் சென்னை மாகாணத்துக்கு மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தபோது பதிவேட்டில் இடம் ஆங்கில வைத்தியம் படித்தவர்களுக்குத்தான். சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் வெளியே நின்றார்கள். அவர்கள் நிலையை ஆராய 1921ல் உஸ்மான் கமிட்டி போட்டு, 1923ல் அறிக்கை வந்தது. அது தனியாக எழுதவேண்டிய கதை.)

யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரம் கையில் இருந்தால் அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதற்கு டென்ட் வழக்குக்கு முன்பே உதாரணங்கள் உண்டு. இல்லினாய் மாநிலத்தில் மைரா பிராட்வெல் சட்டம் படித்துத் தேர்வும் தேறியவர். பெண் என்பதால் வக்கீல் உரிமம் இல்லை என்றார்கள். 1873ல் உச்சநீதிமன்றமும் எட்டுக்கு ஒன்று என்று கைவிரித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீர்ப்பு வருவதற்கு முந்தைய வருடமே இல்லினாய் சட்டமன்றம் பெண் என்ற காரணத்தால் யாரையும் தொழிலிலிருந்து விலக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. விதி மாறியும் பிராட்வெல் கைக்கு உரிமம் வந்தது 1890ல்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோ கதை இன்னும் கசப்பானது. 1880ல் நகராட்சி ஒரு விதி போட்டது: மரக்கட்டிடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்கவேண்டும். தீ விபத்துப் பயம் என்று காரணம் சொன்னார்கள். ஊரில் சுமார் 320 சலவைக்கடைகள், அதில் 310 மரக்கட்டிடம். சுமார் 240 கடைகள் சீனர்களுடையவை. அனுமதி கேட்ட இருநூறு சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாத சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் கிடைத்தது! 22 வருடமாகக் கடை நடத்தியவர், தீ பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருந்தவர், பத்து டாலர் அபராதம் கட்ட மறுத்து சிறைக்குப் போனார். அவர் கடையின் பெயரிலேயே "யிக் வோ வழக்கு" என்று அது பிரபலமானது. 1886ல் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. விதியின் எழுத்தில் ஒரு குற்றமும் இல்லை. அதை நடத்திய கையில்தான் குற்றம்.

கலிஃபோர்னியா அத்தோடு திருந்தியதா? 1943ல், ஜப்பானியக் குடியேறிகளை முகாம்களில் அடைத்து வைத்திருந்த சமயத்தில், அவர்களுக்கு மீன்பிடி உரிமம் கிடையாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். "ஜப்பானியர்" என்று வெளிப்படையாக எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது என்று தோன்றியிருக்க வேண்டும். 1945ல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு "குடியுரிமை பெறத் தகுதியற்றவர்" என்று மாற்றினார்கள். அர்த்தம் அதே அர்த்தம்தான். டோராவோ டாகாஹாஷி என்ற மீனவர் தொடுத்த வழக்கில் 1948ல் உச்சநீதிமன்றம் அதையும் தள்ளியது. விதியை "அப்டேட்" செய்வது என்றாலே முன்னேற்றம் என்று நினைப்பவர்கள் இந்த 1945 திருத்தத்தை ஒருமுறை பார்க்கலாம்.

இதற்கிடையில் லைசென்ஸ் கேட்கும் தொழில்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. முடிதிருத்துபவர்களுக்கு முதன்முதலில் உரிமம் கேட்டது மின்னசோட்டா, 1897ல். லூசியானா 1939ல் பூக்கடைக்காரர்களுக்கும் கேட்டது. தேர்வில் பூக்களை அலங்கரித்துக் காட்டவேண்டும், மார்க் போடுபவர்கள் ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் பூக்கடைக்காரர்கள். அந்தச் செய்முறைத் தேர்வை 2010ல்தான் எடுத்தார்கள். பூங்கொத்து கோணலாக இருந்தால் யார் உயிருக்கு ஆபத்து என்று எனக்கு இன்னும் புரியவில்லை :-)

1950களில் மாநில லைசென்ஸ் தேவைப்பட்ட தொழிலாளர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருந்தார்கள். 2015ல் ஒபாமாவின் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கையின்படி அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இந்த விஷயத்தில் ஒபாமா அரசும் சுதந்திரச் சந்தைக்காரர்களும் ஒரே பக்கம் நின்றது அபூர்வமான காட்சி.

பட்டியல் வளர்வதைப் பார்த்து யாரும் கவலைப்படவில்லை என்று இல்லை. 1976ல் கொலராடோ "அந்தி" விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஒழுங்குமுறை வாரியத்துக்கும் ஒரு கடைசித் தேதி. அதற்குள் இது இன்னும் தேவை என்று நிரூபித்தால்தான் தொடரலாம், இல்லாவிட்டால் தானாகவே அஸ்தமனம். பிற மாநிலங்கள் வேகமாகக் காப்பி அடித்தன. நடைமுறையில் பெரும்பாலான வாரியங்கள் பிழைத்துக்கொண்டன. காரணம் எளிது. மறுஆய்வுக் கூட்டம் நடக்கும் நாளில் அறை நிறைய வருபவர்கள் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். லைசென்ஸ் கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனவன் எதற்கு வரப்போகிறான்? அவனுக்கு அப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது.

வட கரோலினா பல்மருத்துவ வாரியத்தில் எட்டு உறுப்பினர்கள். ஆறு பேர் பல் டாக்டர்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பல் டாக்டர்கள். மால்களில் குறைந்த விலைக்குப் பல் வெளுக்கும் கடைகள் முளைத்தபோது, வாரியம் 2006லிருந்து குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பி அவர்களை மிரட்டி வெளியேற்றியது. வாரியத்துக்கு வந்த புகார்களில் உடல்பாதிப்பு பற்றியவை குறைவு, "விலை குறைத்து விற்கிறார்கள்" என்பவைதான் அதிகம். மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டது. 2015 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று சொன்னது: தொழில்காரர்களே ஆதிக்கம் செலுத்தும் வாரியம், மாநில அரசின் நேரடி மேற்பார்வை இல்லாமல் நடந்துகொண்டால், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது. டென்ட் வழக்கில் யாரும் கேட்காமல் விட்ட கேள்விக்கு 126 வருடம் கழித்து ஒரு அரை பதில்.

டெக்சாஸுக்கு வருவோம். 1997ல் டாலஸ் நகரில் ஐசிஸ் பிராண்ட்லி என்ற கறுப்பினப் பெண்மணியைப் போலீஸ் கைது செய்தது. குற்றம்: அழகுக்கலை லைசென்ஸ் இல்லாமல் தலை பின்னியது. தலைமுறை தலைமுறையாகக் கையோடு வந்த கலை அது. பத்து வருடம் கழித்து 2007ல் மாநிலம் இறங்கிவந்து, பின்னலுக்கு 35 மணி நேரப் பயிற்சி போதும் என்றது. சரி, நானே பயிற்சி கொடுக்கிறேன் என்று அவர் கிளம்பியபோது அடுத்த சுவர். பள்ளி என்றால் 2000 சதுர அடி இடம், பத்து நாற்காலி, ஐந்து தண்ணீர்த்தொட்டி வேண்டுமாம். பின்னுபவர்களுக்குத் தலையைக் கழுவும் வேலையே கிடையாது! 2015 ஜனவரியில் மத்திய நீதிமன்றம் இந்த விதிகளை ரத்து செய்தது. அதே வருடம் ஜூனில் சட்டமன்றம் தலைப்பின்னலை உரிமப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே டெக்சாஸ் உச்சநீதிமன்றத்தில் பட்டேல் வழக்கின் தீர்ப்பு. பெயரைப் பார்த்தாலே புரியும், இது நம்ம த்ரெடிங் விவகாரம். 750 மணி நேரத்தில் 320 மணி நேரம் வரை த்ரெடிங்குக்குச் சம்பந்தமே இல்லாத பாடம் என்பதை அரசுத்தரப்பே ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் விதி செல்லாது என்றார்கள். எதிர்த்த மூன்று பேரின் கவலையும் அற்பமானது இல்லை. எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது சட்டமன்றம் முடிவு செய்யவேண்டிய விஷயம், நீதிபதி ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்காரமுடியுமா என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பாதி நியாயமாகவே படுகிறது. ஆனால் சட்டமன்றம் கண்டுகொள்ளாத இடத்தில் நூல் பிடித்துப் பிழைப்பவர் வேறு எங்கே போவார்?

ஆற்றைத் தாண்டும் பிரச்சினைக்கும் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. 2000ல் தொடங்கிய நர்ஸ்கள் ஒப்பந்தத்தில், சேர்ந்த மாநிலங்களுக்குள் ஒரே லைசென்ஸ் செல்லும். 2019ல் அரிசோனா ஒரு படி மேலே போய், வேறு மாநிலத்தில் ஒரு வருடமாவது ஒழுங்காக லைசென்ஸ் வைத்திருந்தவர் தங்கள் மாநிலத்தில் குடியேறினால் அநேகமாக எந்தத் தொழிலானாலும் ஏற்றுக்கொள்வோம் என்று சட்டம் போட்டது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் உறுத்துவது. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அணைக்கக் கைதிகளைப் பல பத்தாண்டுகளாக அனுப்புகிறார்கள். 2025 வரை தீயின் முன்னால் நிற்கும்போது மணிக்கு ஒரு டாலர்தான் கூலியாக இருந்தது. அதே ஆள் விடுதலையாகி தீயணைப்பு நிலையத்தில் வேலை கேட்டால், பெரும்பாலான இடங்களில் அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் கேட்பார்கள். தண்டனை பெற்றவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைப்பது குதிரைக்கொம்பு. கைதியாக இருக்கும்வரை தீயணைக்கத் தகுதி உண்டு, வெளியே வந்தால் இல்லை! 2020 செப்டம்பரில், மாநிலம் எரிந்துகொண்டிருந்தபோது, ஆளுநர் நியூசம் இதை மாற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தீயணைப்பு முகாமில் வேலை செய்தவர் விடுதலைக்குப் பிறகு தண்டனைப் பதிவை நீக்கக் கோரலாம். சில கடுமையான குற்றங்களுக்கு இது பொருந்தாது. பதிவு தானாகவும் நீங்காது. ஒவ்வொருவரும் தனித்தனியாக நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும், நீதிபதி சம்மதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சான்றிதழுக்கு விண்ணப்பம்.