மேலே தழும்பில்லை, உள்ளே காயம்



சந்தையில் மண்பானை வாங்கும்போது என் அம்மா சுண்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் நல்ல பானை. சத்தம் அடைத்தால் எங்கோ கீறல். விமானம் பராமரிப்பவர்களும் இப்படித்தான், காசாலோ சிறு சுத்தியலாலோ இறக்கையைத் தட்டிக் கேட்பார்கள்!

காரணம், காம்போசிட். கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக இறுக்கிய பொருள். 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787-இன் எடையில் சுமார் பாதி இதுதான். அலுமினியத்தில் கல் பட்டால் சொட்டை விழும். காம்போசிட்டிலோ மேலே தடமே தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம்.

அந்த உள்காயத்தைப் பொருளே சொன்னால் எப்படி இருக்கும்? 1980-களின் பிற்பகுதியில் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் மெஷர்ஸ் குழுவினர், விமான இறக்கையின் முன்விளிம்புக்குள் ஒளியிழைகளை நரம்புபோலப் பதித்துச் சோதித்தார்கள். பலத்த அடி விழுந்தால் இழை முறியும்; ஒளி மறுமுனைக்கு வராது. எந்தெந்த இழைகள் இருண்டன என்று பார்த்தால் காயம்பட்ட இடம் தெரிந்துவிடும்.

முறியாமலே சேதி சொல்லும் வழிக்கும் வித்து கனடாதான். 1978-இல் ஒட்டாவாவில் கென்னத் ஹில் குழுவினர் இழைக்குள் லேசர் ஒளியைச் செலுத்தியபோது, கண்ணாடிக்குள்ளேயே நுண்ணிய கீற்றணி பதிவதைக் கண்டார்கள். 1989-இல் அமெரிக்காவில் மெல்ட்ஸ் குழுவினர், புறஊதா ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சி, வேண்டிய இடத்தில் அதை எழுதிக் காட்டினார்கள். கீற்றணி ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை இழுபட்டால் அந்த அலைநீளம் மாறும். அதுவே சேதி.

சிக்கலும் உண்டு. வெப்பம் மாறினாலும் அலைநீளம் மாறும். கார்பன் இழை சுமார் 7 மைக்ரான். வழக்கமான ஒளியிழை 125 மைக்ரான். இந்தத் தடித்த விருந்தாளியே அடுக்கைக் குலைக்கலாம். அதனால் தட்டிப் பார்ப்பது இன்னும் ஒழியவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? 2003 ஜனவரி 16. கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய சுமார் 82-ஆவது வினாடியில், நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பும் கார்பன் காம்போசிட்தான். காயத்தின் ஆழம் தெரியாமலே 16 நாள் பறந்தார்கள். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் திரும்பவில்லை. அடுத்த பயணங்களில் இறக்கைக்குள் மோதலை உணரும் கருவிகள் வந்தன. அவை ஒளியிழை அல்ல, அதிர்வை அளக்கும் முடுக்கமானிகள். ஆனால் தேடியது அதே விடையைத்தான்: "உள்ளே வலிக்கிறதா?"

விமானப் பராமரிப்பில் இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் தட்டிக் கேட்ட அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள். வாத்தியாருக்கும் மதிப்பெண் குறைக்கலாம்.