சென்னைத் துறைமுகம்: அலையும் மணலும்

சென்னைக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஒதுங்க வளைகுடா இல்லை. உள்ளே நுழைய ஆழமான ஆற்று முகத்துவாரமும் இல்லை. கூவம் கடலில் கலக்கும் இடத்தை மணல் அடிக்கடி மூடிவிடும். ஆயினும் 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த இடத்தைத்தான் பெற்றது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு அப்போது தென்கிழக்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும் கிராக்கி இருந்தது. நெசவாளர் ஊர்களுக்கு அருகில் இருந்து துணி வாங்கும் வசதிக்காகக் கம்பெனி கடலின் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டது.

அந்தச் சிரமம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கப்பல்கள் கரையிலிருந்து ஓரிரு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிடும். அங்கிருந்து ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு பயணியும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். இப்படகின் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் அது நெளிந்து கொடுக்கும். தரையில் மோதினாலும் பிளக்காது. ஐரோப்பியப் படகுகள் நொறுங்கிய அதே அலையில் இது தாக்குப்பிடித்தது. தையல் வழியே கசியும் நீரை ஓர் ஆள் இறைத்துக்கொண்டே இருக்க, மற்றவர்கள் அலைக்கு அலை இடைவெளி பார்த்துத் துடுப்புப் போடுவார்கள். கடிதங்களைக் கொண்டுபோகக் கட்டுமரம் இருந்தது. சென்னையின் கடல் வணிகம் முழுவதும் இந்தப் படகோட்டிகளின் தோள்வலிமையையே நம்பி நடந்தது.

திறந்த கடலில் நிற்பதன் ஆபத்தை 1746-ஆம் ஆண்டு காட்டியது. செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. அடுத்த மாதமே வீசிய புயலில் அவருடைய கப்பல்களில் பல மூழ்கின, பல சிதைந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியதும் உள்நாட்டுச் சரக்கு விரைவாகக் கரைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் செலவு. 1861-ல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலத்தைப் புயல்கள் சேதப்படுத்தவே, முழுமையான செயற்கைத் துறைமுகமே தீர்வு என்ற முடிவுக்கு அரசு வந்தது.

கராச்சித் துறைமுகப் பணியில் அனுபவம் பெற்ற வில்லியம் பார்க்ஸ் திட்டம் வகுத்தார். கரையிலிருந்து இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு, முனையில் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும். நடுவே கிழக்கு நோக்கிய வாயில். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் சுவர்களின் பெரும்பகுதியைச் சரித்துப்போட்டது. மீண்டும் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் இறுதி நெருங்கிவிட்டது. அப்போதும் கிழக்கு வாயில் வழியே பேரலை நேராக உள்ளே புகுந்தது.

சுவர் எழுந்ததும் மணலும் தன் வேலையைக் காட்டியது. இக்கரையில் கடலோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கிறது. அந்த ஓட்டத்தைத் தெற்குச் சுவர் மறித்ததால் மணல் அதன் தென்புறத்தில் குவிந்தது. முன்பு கம்பெனி கட்டிய கோட்டைக்கு அருகில் அலையடித்த கடல் பின்வாங்க, மெரினா அகன்ற மணற்பரப்பாக வளர்ந்தது. வடக்கே ராயபுரத்துக்கும் அதற்கு அப்பாலும் உள்ள கரைக்கு வர வேண்டிய மணல் வராமல் போயிற்று. அங்கே கடல் நிலத்தை அரித்தது. மீனவர் குடியிருப்புகள் பின்வாங்கின. இன்று அக்கரையைப் பாறாங்கற்களே காத்து நிற்கின்றன.

துறைமுகத்தைத் திருத்தி அமைத்தவர் பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1904-ல் பொறுப்பேற்று 1919 வரை பணியாற்றிய அவர், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கு மூலையில் புது வாயில் திறந்தார். உள்ளே அலை தணிந்தது. கப்பல் நேரே அணையும் மேடைகளும், கிடங்குகளும், ரயில் பாதைகளும் அமைந்தன. சரக்கு கப்பலிலிருந்து நேராகக் கரையில் இறங்க, மசூலாப் படகின் காலம் முடிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசியபோது இங்கிருந்த எண்ணெய்த் தொட்டிகள்தான் தீப்பிடித்து எரிந்தன.

விடுதலைக்குப் பின் ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் தனி இடம் தேவைப்பட்டது. 1964-ல் ஜவஹர் கப்பல்துறை திறக்கப்பட்டது. எழுபதுகளில் பாரதி கப்பல்துறை கச்சா எண்ணெயையும் இரும்புத் தாதையும் கையாளத் தொடங்கியது. அதற்குள் உலகம் கன்டெய்னருக்கு மாறிக்கொண்டிருந்தது. 1956-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் அனுப்பிக் காட்டிய முறை அது. மூட்டை மூட்டையாக இறக்கப் பல நாள் பிடித்த சரக்கு, பூட்டிய பெட்டியாகக் கிரேனில் ஏறி, அப்படியே லாரியிலோ ரயிலிலோ இறங்கியது; சேதமும் திருட்டும் குறைந்தன. 1983-ல் சென்னையில் திறந்ததே இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம். பின்னர் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எழுந்த கார் தொழிற்சாலைகள் இத்துறைமுகத்தை உலகச் சந்தைக்கான வாசலாக்கிக்கொண்டன.

நகரம் சுற்றிலும் நெருங்கி வளர்ந்ததில் புதிய நெருக்கடி வந்தது. நிலக்கரித் தூசி வடசென்னை வீடுகளில் படிந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கி அனல்மின் நிலக்கரியை ஏற்றது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாளுவதற்குத் தடை விதித்தது.

இயற்கை தராத துறைமுகத்தை மனித உழைப்பு உருவாக்கியது. தென்னிந்தியத் தொழில் வளர்ச்சிக்கு அது அடித்தளமும் ஆயிற்று. ஆனால் அதன் ஆதாயம் நாடு முழுவதும் பரவியிருக்க, அரிப்பையும் தூசியையும் வடசென்னைக் கரையோர மக்களே தாங்கினார்கள். இனி எந்தக் கரையில் துறைமுகம் கட்டினாலும், சுவருக்கு வடக்கே என்ன ஆகும் என்ற கணக்கு திட்டச் செலவிலேயே சேர வேண்டும்.