வடகரைப் போர்கள் – 14: மன்றோவும் ஆவணி வெள்ளமும்

போன வாரம் ஹைதர் அலியைச் செங்கம் கணவாய் வழியாக இறக்கிவிட்டு நிறுத்தினேன். இந்த வாரம் புள்ளலூர்ப் போர் என்று வாக்கும் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால், ஹைதரை எதிர்த்த கம்பெனிப் படைத் தளபதி ஹெக்டர் மன்றோவைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்த்துவிடலாம். இந்த ஆள் எனக்கு ரொம்ப நாளாக ஓர் உறுத்தல்.

தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர் தாமஸ் மன்றோ. வேறு ஆள். 1780-ல் அவர் 19 வயதுப் பையன். சென்னையில் வந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாமல், இதே ஹெக்டரின் படையில் நடந்தவர்.

ஹெக்டர் லேசுப்பட்டவர் இல்லை. 1764 அக்டோபர் 23, பக்சார். எதிரே மீர் காசிம், ஷுஜா உத் தௌலா, ஷா ஆலம் மூவரின் கூட்டுப்படை, ஏறக்குறைய 40,000 பேர். இவரிடம் 7,000 சொச்சம். ஒரே பகலில் முடித்தார். பிளாசியைப் பற்றி மாய்ந்து மாய்ந்து எழுதுகிறவர்கள் பக்சாரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். வங்கத்தின் வரி வசூல் கம்பெனி கைக்கு வந்ததே பக்சாரால்தான். அதே வருஷம், கலகம் செய்த சிப்பாய்களில் 24 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் சொன்னவரும் இவர்தான். இதை ‘கண்டிப்பு’ என்று எழுதும் புத்தகங்கள் உண்டு. நான் கொலை என்றுதான் எழுதுவேன். 1778-ல் புதுச்சேரிக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தவரும் இவரே. ஆக, எதிரி கண்முன்னே அணிவகுத்து நின்றால், அல்லது மதிலுக்குப் பின்னால் அசையாமல் கிடந்தால், மன்றோவிடம் குறை சொல்ல இடமில்லை.

ஹைதர் அணிவகுத்தும் நிற்கவில்லை, மதிலுக்குப் பின்னாலும் இல்லை. அவருடைய குதிரைப்படை ஊர் ஊராகத் திரிந்தது. யார் எங்கே என்று சென்னைக் கோட்டையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் குண்டூர்ப் பக்கமிருந்து கம்பெனியின் கர்னல் பெய்லி சுமார் 2,800 பேரோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். அவரை எங்கே சந்திப்பது? பரங்கிமலையில் சேரலாம், அதுதான் பத்திரம் என்றார் இன்னொரு தளபதியான மெக்லியோட் பிரபு. காஞ்சிபுரம் என்றார் மன்றோ. பெய்லி இருந்த இடத்திலிருந்து காஞ்சிக்குப் போகும் வழியெல்லாம் ஹைதரின் குதிரைகள். இந்த ஒரு முடிவுக்காகவே மன்றோவின் மதிப்பெண்ணில் பாதியைக் குறைக்கலாம்.

இங்கேதான் நம் கொசஸ்தலை ஆறு குறுக்கே வருகிறது. வடக்கேயிருந்து சென்னைக்கு வருகிற எவரும் இதைத் தாண்டாமல் வர முடியாது. பெய்லி 1780 ஆகஸ்ட் 25 அன்று வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆவணி மாதம், ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, நடந்தே போயிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் வந்துவிட்டது.

புத்தகத்தில் இதைப் படிக்கிற வெளியூர்க்காரர் ‘துரதிர்ஷ்டம்’ என்பார். இந்த ஆற்றோரத்துச் சடையங்குப்பத்துக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். பர்மா நகரிலோ இருளர் காலனியிலோ நின்று கேட்டுப் பாருங்கள். இங்கே வானம் பளிச்சென்று இருக்கும், வாசலில் துணிகூடக் காய்ந்துகொண்டிருக்கும். பூண்டி திறந்தாச்சு என்று தகவல் வரும். மறுநாள் விடியும்போது சாலை எது, ஆறு எது என்று தெரியாது. 2015-ல் அப்படித்தான், 2021-லும் அப்படித்தான். அரிசி மூட்டை பரண் மேல், ஆடு மேட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இந்த ஆற்று வெள்ளத்துக்கு உள்ளூர் மழை தேவையில்லை. நகரி மலைப் பக்கம் கொட்டினால் போதும். பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடித்தது 1944-ல்தான். 1780-ல் மேலே பெய்தது குறுக்கே நிறுத்த ஒன்றுமில்லாமல் நேராகக் கடலைப் பார்த்து ஓடிவரும். மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கூட ஆற்றைத் தாண்டிவிட்டுத்தான் நுகத்தடியை அவிழ்ப்பார். கர்னலுக்கு அதைச் சொல்ல ஒரு வழிகாட்டி கிடைக்கவில்லையா, சொன்னதைக் கேட்க மனசில்லையா?

எட்டு ஒன்பது நாள் அங்கேயே கிடந்தார். பெய்லியின் தவறு ஒரு ராத்திரி. மன்றோவுக்கு அத்தனை நாளும் இருந்தது. பெய்லியை முகத்துவாரம் வரை இறக்கி, எண்ணூரில் படகு வைத்து அக்கரை ஏற்றியிருந்தால் என்ன? கோட்டையிலிருந்து எண்ணூர் 20 கிலோமீட்டர்தான் இருக்கும். சென்னைக் கரையில் கப்பல் சரக்கை அலைக்கு நடுவே இறக்கிய மசூலாப் படகுகளும் அவற்றை ஓட்டிய நம் மீனவர்களும் எங்கே போனார்கள்? திட்டத்தில் காஞ்சிபுரம் என்று எழுதியாகிவிட்டது. அதை மாற்ற மன்றோவுக்கு வணங்கவில்லை.

அவர் 5,000 பேரோடு ஆகஸ்ட் 29 அன்று காஞ்சிக்குப் போய் உட்கார்ந்தார். ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள் அரிசி தருவார்கள் என்ற நம்பிக்கை. தர உத்தரவில்லை என்றார்கள். கிடைத்த அரிசியையும் கனரகப் பீரங்கிகளையும் கோயிலுக்குள் வைத்துக் காவல் காத்தார். ஒருவழியாக ஆற்றைத் தாண்டிய பெய்லியைச் செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். திப்புவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மன்றோவுக்கு அங்கிருந்து 22 கிலோமீட்டர். ஒரு ராத்திரி நடை. போகவில்லை. ஃபிளெட்சர் என்பவரிடம் 1,000 பேரைக் கொடுத்து அனுப்பினார். ஏற்கெனவே இரண்டாகக் கிடந்த படை மூன்றானது. ஹைதராக நான் இருந்தால் மன்றோவுக்கு ஒரு பொன்னாடை அனுப்பியிருப்பேன்.

மறு வருஷம் நவம்பரில் டச்சுக்காரர்களின் நாகப்பட்டினக் கோட்டையை இதே மன்றோ பிடித்தார். மதிலுக்குப் பின்னால் எதிரி, பழைய மன்றோ திரும்பிவிட்டார். ஸ்காட்லாந்தில் தன் ஊர்ப் பக்கத்து ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நாகப்பட்டினத்து வாசல் போலவே கல்லில் ஒன்று எழுப்பினார். இன்றும் நிற்கிறது.

பக்கம் தீர்ந்துவிட்டது, புள்ளலூருக்கு நான் இன்னும் போய்ச் சேரவில்லை. ஆசிரியர் போனில் கத்தப்போகிறார். செப்டம்பர் 10 காலையில் மன்றோ பீரங்கிச் சத்தம் கேட்டுப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி, கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டைப் பார்த்து நடந்தார் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்த கதை அடுத்த வாரம். நிச்சயமாக.