டீசல் பிக்கப்: எரிபொருள் வழங்கல் மேம்பாடு

டீசல் பிக்கப் வண்டியின் டேங்கிலிருந்து உயர் அழுத்த இன்ஜெக்‌ஷன் பம்ப் வரை டீசலைக் கொண்டுசேர்க்கும் லிஃப்ட் பம்ப், ஃபில்டர், லைன், உறிஞ்சுகுழாய் ஆகியவற்றைத் திறன் கூடியவையாக மாற்றுவதே எரிபொருள் வழங்கல் மேம்பாடு. நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஃபீட் பம்ப் என்பதை அமெரிக்காவில் லிஃப்ட் பம்ப் என்கிறார்கள். கனமான டிரெய்லர் இழுக்கும் டாட்ஜ் ராம், ஃபோர்டு, ஷெவ்ரலே பிக்கப்புகளில் அங்கே இந்த மாற்றம் பரவலாகச் செய்யப்படுகிறது. இதைக் குதிரைத்திறன் கூட்டும் வேலை என்று நினைத்துப் பலர் பணம் செலவிடுகிறார்கள். இதனால் மட்டும் இழுவை கூடிவிடாது. விலை உயர்ந்த இன்ஜெக்‌ஷன் பம்பையும் இன்ஜெக்டர்களையும் காப்பாற்றுவதுதான் இதன் முதல் பயன்.

இதன் தேவையை மிகத் தெளிவாகக் காட்டியது, 1998-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 2002 வரை ராம் வண்டிகளில் வந்த 5.9 லிட்டர், 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சின். அதற்கு முந்தைய 12 வால்வு எஞ்சினில் 1994 முதல் இருந்தது பாஷ் நிறுவனத்தின் பி7100 இன்லைன் பம்ப். அதற்கு உயவு எஞ்சின் ஆயிலிலிருந்து கிடைத்தது. டீசல் வரத்து சற்றுக் குறைந்தால் இழுவைதான் குறையும். 24 வால்வு எஞ்சினுக்கு வந்த வி.பி.44 ரோட்டரி பம்புக்கோ உயவு, குளிர்ச்சி இரண்டுமே அதன் வழியே ஓடும் டீசல்தான். பம்பின் மேலேயே எலெக்ட்ரானிக் பலகையும் அமர்ந்திருக்கிறது. வரத்து குறைந்தால் உள்ளே தேய்மானமும் சூடும் சேர்ந்தே ஏறும்.

இதற்கு டீசல் ஊட்ட வேண்டிய மின்சார லிஃப்ட் பம்பைத் தயாரிப்பாளர்கள் எஞ்சின் பிளாக்கிலேயே பொருத்தினார்கள். மின்சார பம்புகள் டீசலைத் தள்ளுவதில் வல்லவை, தூரத்திலிருந்து இழுப்பதில் அல்ல. போதாததற்கு எஞ்சினின் அதிர்வும் சூடும் வேறு. இதைவிடப் பெரிய சிக்கல், லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பது. ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. பி0216 என்ற பிழைக்குறியீடு விழும்போது வி.பி.44 பெரும்பாலும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருக்கும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பம்ப் அல்ல, அழுத்தமானி. அதை ஃபில்டருக்கும் வி.பி.44-க்கும் இடையே பொருத்த வேண்டும். வண்டி சும்மா நிற்கையில் முள் 15 பி.எஸ்.ஐ. அருகே நின்றால் அதில் திருப்தி அடைந்துவிடக் கூடாது. டிரெய்லரோடு மேட்டில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பார்க்க வேண்டும். அப்போது 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் வரத்து போதவில்லை. ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, பம்புக்குச் செலவு செய்யத் தேவையில்லை. லைன் முனைகளில் உள்ள பான்ஜோ போல்ட்டுகளின் குறுகிய துளையும் ஓட்டத்தைத் தடுக்கும்.

பம்ப்தான் காரணம் என்று உறுதியானால் அளவு பார்க்க வேண்டும். முழுச் சுமையில் டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.4 பவுண்டு டீசல் எரிக்கும். 500 குதிரைத்திறனுக்கு அது 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 108 லிட்டர் அல்லது 29 கேலன். ஃபாஸ், ஏர்டாக் போன்ற பிராண்டுகள் மணிக்கு 100, 150 கேலன் என்று குறிப்பிட்டு பம்புகளை விற்கின்றன. அழுத்தம் ஏற ஏற ஓட்டம் குறையும், குளிர்ச்சிக்காகவும் ஒரு பங்கு சுற்றித் திரும்ப வேண்டும் என்பதால் இந்த உபரி வேண்டியதுதான். ஆனால் இன்ஜெக்டர் மாற்றாத வண்டிக்கு 200 கேலனைத் தாண்டிய பம்ப் வீண்செலவு. டீசலில் கலந்த காற்றையும் நீரையும் பிரித்தெடுக்கும் வசதிக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

புதிய பம்பை டேங்கை ஒட்டிச் சட்டத்தில் பொருத்துவதே சரி. மின்சாரத்தை ரிலே வழியாக பேட்டரியிலிருந்து எடுத்தால் எஞ்சின் கணினிக்குப் பளு ஏறாது. உறிஞ்சுகுழாய் சரியாக அமையாவிட்டால் டேங்க் கால்வாசியாகும்போதே காற்று இழுக்கும். டேங்கின் அடியில் துளையிட்டுப் பொருத்தும் சம்ப் அதைத் தீர்க்கும், ஆனால் கசிவுக்கும் சாலைக் கல்லடிக்கும் இடம் கொடுக்கும்.

2001-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் டியூராமேக்ஸ் எல்.பி.7 எஞ்சினில் லிஃப்ட் பம்பே கிடையாது. அதன் சி.பி.3 உயர் அழுத்த பம்ப் டேங்கிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். லைனில் சிறு விரிசல் விழுந்தால் டீசல் கசியாமல் காற்று உள்ளே நுழைவதால் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். இந்த வண்டிகளில் லிஃப்ட் பம்ப் சேர்ப்பது நியாயமான செலவு.

2011 முதல் ஃபோர்டு 6.7 லிட்டர் எஞ்சினிலும் டியூராமேக்ஸ் எல்.எம்.எல்.லிலும் வந்த சி.பி.4 பம்பின் கதை வேறு. அது உள்ளே உடைந்தால் உலோகத் துகள் ரெயில், இன்ஜெக்டர் எங்கும் பரவும். டீசலின் உயவுத்தன்மையும் இதில் முக்கியம். உயவுத்தன்மைச் சோதனையில் விழும் தேய்மான வடு ஐரோப்பிய விதிப்படி 460 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், அமெரிக்க விதி 520 வரை அனுமதிக்கிறது. இங்கே லிஃப்ட் பம்பை மட்டும் நம்பக் கூடாது. துகள் இன்ஜெக்டருக்குப் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் கிட்டும் வேண்டும், முடிந்தால் சி.பி.3-க்கே மாறுவது மேல். 2019-இல் சி.பி.4-க்கு மாறிய ராம் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினே 2021-இல் சி.பி.3-க்குத் திரும்பிவிட்டது.